பெயரை எங்கே மறைப்பது? – இ-ஃபைலிங்கும் ரகசிய ஆவணங்களும்

"எம் பொண்ணு பேரு கம்ப்யூட்டர்ல வருமா சார்?"

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போது ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. போக்சோ வழக்கு. உத்திரமேரூரைச் சுற்றியிருக்கிற கிராமங்களில் ஒன்று. எந்தக் கிராமம், எந்த வருஷம், பிள்ளைக்கு என்ன வயசு என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. எழுதுகிற ஒன்றிரண்டு விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு.

"வராதும்மா, கவலைப்படாதீங்க" என்று உடனே சொல்லிவிட்டேன். இருபது வருஷத் தொழில் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. ராத்திரி மனுவை டைப் செய்ய உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அந்த பதிலுக்கு என்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. சட்டம் "வரக்கூடாது" என்கிறது. வருமா வராதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

முதலில் காகித காலத்தை நினைத்துப் பார்க்கலாம். நாங்கள் "கட்டு" என்று சொல்வோம். வழக்குத்தாள்களை அடுக்கி, நடுவில் துளை போட்டு, நாடா கோத்து முடிந்தது. அந்தக் கட்டு இருப்பது ஒரே ஒரு இடத்தில். நீதிமன்ற அலுவலகத்தில் ஒரு அலமாரி, அதன் முன்னால் ஒரு எழுத்தர். பார்க்க வேண்டுமென்றால் நகல் மனு போட வேண்டும், யார் கேட்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று அவர் நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைதான் பாதிப் பாதுகாப்பு. ரொம்ப ரகசியம் என்றால் பழுப்புக் கவரில் போட்டு, மேலே அரக்கு வைத்து, நீதிபதியிடம் நேரில் கொடுப்போம். இந்த ஏற்பாடு யோக்கியமானது என்று நான் சொல்லவில்லை. டீக்கடையில் வழக்குக் கதை பேசாத ஊர் உண்டா? ஆனால் கசிந்தால் வாய் வழியாகக் கசியும், ஊருக்குள் கசியும். பத்து வருஷம் கழித்து எங்கோ ஒருவன் தேடுபொறியில் பெயரைத் தட்டினால் வராது.

இப்போது பழுப்புக் கவர் இருந்த இடத்தில் ஒரு படிவம் இருக்கிறது. இ-கோர்ட்ஸ் திட்டத்தின் இ-ஃபைலிங் தளத்தில் பார் கவுன்சில் பதிவு எண், கைப்பேசி எண், மின்னஞ்சல் கொடுத்து நாம் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வழக்கு வகை என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்ய வேண்டும். மனுதாரர் பெயர், வயது, முகவரி, எதிர்மனுதாரர் விவரம், சட்டம், பிரிவு. அதற்கப்புறம்தான் மனுவையும் ஆவணங்களையும் பிடிஎஃப் ஆக ஏற்றுவது. ஆதார் ஓடிபி மூலமோ டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மூலமோ கையெழுத்து. பிறகு அலுவலகம் சரிபார்த்து, குறை இருந்தால் ரிட்டர்ன், இல்லையென்றால் நம்பர் ஆகும். பதினாறு இலக்கத்தில் ஒரு சிஎன்ஆர் எண் வரும். அந்த எண்ணை வைத்து யார் வேண்டுமானாலும் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

2023-ல் மாவட்ட நீதிமன்றங்களில் இதைக் கட்டாயமாக்க சென்னை உயர் நீதிமன்றம் முனைந்தபோது வழக்கறிஞர்கள் கோர்ட்டைப் புறக்கணித்துப் போராடினோம். கரண்ட் இல்லை, நெட் இல்லை, ஸ்கேனர் இல்லை என்பதெல்லாம் அப்போது பேசினோம். நியாயமான புகார்கள்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால், ரகசியத்தைப் பற்றி நாங்கள் யாரும் பெரிதாகப் பேசிய ஞாபகம் எனக்கு இல்லை. எங்கள் பிரச்சினை எங்கள் வசதியாக இருந்தது.

சரி, அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பொதுமக்களுக்குத் தெரிகிற பக்கத்தில் மனுவும் ஆவணமும் தெரிவதில்லை. தெரிவது தரப்பினர் பெயர், வக்கீல் பெயர், சட்டப்பிரிவு, வாய்தா தேதிகள், ஏற்றப்பட்டிருந்தால் உத்தரவுகள். ஆகவே பிடிஎஃப்-ஐ மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் போதும் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். தப்பு.

போக்சோ வழக்கில் மூல வழக்கு "அரசு எதிர் குற்றம் சாட்டப்பட்டவர்" என்றுதான் இருக்கும். பிள்ளையின் பெயர் தலைப்பில் வர வாய்ப்பில்லை. முதல் தகவல் அறிக்கையும் இணையத்தில் ஏறாது. 2016-ல் உச்ச நீதிமன்றம் எஃப்ஐஆர்களை இணையத்தில் ஏற்றச் சொன்னபோதே பாலியல் குற்றங்கள், போக்சோ போன்றவற்றுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. ஆனால் நாங்கள் போடப்போனது இடைக்கால இழப்பீட்டு மனு. 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகளின் 9-ஆம் விதிப்படி, வழக்கு முடியும் முன்பே பிள்ளையின் உடனடித் தேவைக்குச் சிறப்பு நீதிமன்றம் பணம் கொடுக்க உத்தரவிடலாம். அந்த மனுவில் மனுதாரர் யார்? பிள்ளைக்காக அம்மா. படிவத்தின் முதல் பெட்டியே அவர் பெயரைக் கேட்கிறது. இத்தனை காலம் வழக்கில் எங்கேயும் இல்லாத பெயர், உதவி கேட்கப் போகும் இடத்தில் முதல் வரியில் ஏறுகிறது.

இதைப் பற்றிச் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. போக்சோ சட்டத்தின் 33(7) பிரிவு, விசாரணையின் எந்தக் கட்டத்திலும் குழந்தையின் அடையாளம் வெளியாகாமல் சிறப்பு நீதிமன்றம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அடையாளம் என்றால் என்ன என்பதற்கு அதன் கீழேயே ஒரு விளக்கம்: குடும்பம், பள்ளி, உறவினர், அக்கம்பக்கம், அடையாளம் தெரியவைக்கும் வேறு எந்தத் தகவலும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு (பழைய ஐபிசி 228ஏ) பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் பெயரை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. 2018 டிசம்பர் 11 அன்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெயர் இருக்கும் ஆவணங்களைப் போலீஸ் கூடியவரை மூடிய உறையில் வைக்க வேண்டும். பொதுவில் பார்க்கக்கூடிய கோப்பில் அதே ஆவணத்தைப் பெயர் நீக்கி வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்தால்கூடத் தன் அடையாளத்தை வெளிப்படுத்தத் தேவையில்லை. அதாவது ஒரே ஆவணத்துக்கு இரண்டு நகல். ஒன்று முழு நகல், ஒன்று மறைப்பு நகல்.

தீர்ப்பை எழுதியவர்களின் மனதில் இருந்தது ஒரு நகரம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சென்னையில் "பதினோராம் வகுப்பு மாணவி, அரசுப் பள்ளி" என்று எழுதினால் ஆயிரம் பேர் அதில் அடங்குவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ஊருக்கு ஒரு நடுநிலைப் பள்ளி. எட்டாம் வகுப்பில் மொத்தமே பத்துப் பதினைந்து பிள்ளைகள், அதில் பாதி பெண்கள். "தகப்பனார் கல்குவாரியில் லாரி ஓட்டுகிறார், வீடு ஏரிக்கரைத் தெரு" என்று இன்னொரு வரி சேர்ந்தால் அந்த ஊர்க்காரனுக்குப் பெயரே தேவையில்லை. நான் அந்த மனுவை முதலில் எழுதியபோது பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் வைத்திருந்தேன். குடும்பத்தின் வறுமையைச் சொன்னால்தானே இழப்பீடு கிடைக்கும்! அப்பா வேலை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போவது, எந்த ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், பஸ்ஸில் போகப் பயந்து பள்ளிக்கூடத்தை நிறுத்தியது. நீதிபதிக்குத் தெரிய வேண்டிய ஒவ்வொரு விவரமும் ஊருக்குத் தெரியக்கூடாத விவரம். இங்கே மறைப்பு என்பது ஒரு சொல்லை அழிப்பது இல்லை, மனுவையே இரண்டு விதமாக எழுதுவது.

இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் சித்தப்பாவோ, மாற்றாந்தகப்பனோ, சொந்தத் தகப்பனோ என்றால்? அவர் பெயரும் போக்சோ என்ற சொல்லும் வழக்குப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலே பிள்ளை யார் என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வழக்கில் அவர் பெயரையும் மறைக்கச் சொல்லி மனு போட வேண்டும். குற்றவாளியைக் காப்பாற்றப் பார்க்கிறீர்களா என்று பக்கத்தில் நிற்பவரே கேட்பார். 33(7)-ன் விளக்கத்தில் "குடும்பம்" என்ற சொல் இருப்பதை அப்போது காட்ட வேண்டியிருக்கும்.

இ-கோர்ட்ஸ் பக்கத்தில் சில வழக்குகளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் எக்ஸ் எக்ஸ் என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தானாக வருவதில்லை. யாரோ ஒரு ஊழியர் கவனித்துச் செய்திருக்கிறார். ஒரு நாளைக்கு அவர் முன்னால் எத்தனை மனு வருகிறது என்று யோசித்தால், அவர் கவனிப்பார் என்று நம்பி நாம் முழுப் பெயரைப் போடுவது சரியில்லை. நான் இப்போது செய்வது இதுதான். பெயர்ப் பெட்டியில் "பாதிக்கப்பட்ட குழந்தையின் தாய்" என்று போட்டு, முகவரிக்குக் காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் "வழியாக" என்று கொடுக்கிறேன். கூடவே, முழு விவரங்களை மூடிய உறையில் நேரில் தாக்கல் செய்ய அனுமதி கேட்டுத் தனியாக ஒரு மனு. இதற்காக ஒரு தடவை ரிட்டர்ன் ஆனது. "மனுதாரர் பெயர் இல்லை" என்று குறை. நிபுண் சக்சேனா தீர்ப்பின் அந்தப் பக்கத்தை இணைத்துத் திரும்பப் போட்டேன், நம்பர் ஆகிவிட்டது. ரிட்டர்ன் போட்டவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் படிவத்தைப் பார்த்தார், பெட்டி நிரம்பவில்லை, அவ்வளவுதான்.

கைப்பேசி எண் இன்னொரு கண்ணி. வாய்தா தேதி குறுஞ்செய்தியாக வருவது நல்ல வசதி. ஆனால் கிராமத்தில் "வீட்டு போன்" என்பது யாருடைய போன்? எங்கள் கட்சிக்காரர்கள் கொடுக்கிற எண்ணில் பாதி மச்சினனுடையது, மீதி பக்கத்து வீட்டு அக்காவுடையது. இந்த மாதிரி வழக்குகளில் என் எண்ணையே கொடுத்துவிடுகிறேன்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். அதை எழுதத்தான் இத்தனை முன்னுரையும்.

ஏற்றுகிற பிடிஎஃப் தேடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இ-ஃபைலிங்கின் அடிப்படை எதிர்பார்ப்பு. நீதிபதி ஒரு சொல்லைத் தட்டினால் அந்தப் பக்கம் வர வேண்டும். ரகசியத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. காகிதத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்படித்தால் கறுப்புதான். கம்ப்யூட்டரில் கறுப்புப் பட்டை போட்டால் அது எழுத்தின் மேல் விரித்த துண்டு மாதிரி. துண்டை எடுத்தால் எழுத்து அப்படியே இருக்கும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மானஃபோர்ட்டின் வக்கீல்கள் இப்படி மாட்டினார்கள். டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்தவர் மானஃபோர்ட். நீதிமன்றத்தில் அவர்கள் இ-ஃபைல் செய்த மனுவில் கறுப்படித்த பகுதிகளைப் பத்திரிகைக்காரர்கள் அப்படியே காப்பி செய்து வேறு பக்கத்தில் ஒட்டினார்கள். எழுத்து முழுசாக வந்துவிட்டது. பெரிய வக்கீல்கள், பெரிய வழக்கு, சின்னத் துண்டு.

அந்தக் கதை எனக்கு முன்பே தெரியும். அதனால் மறைப்பு நகலைத் தயார் செய்து முடித்ததும் ஜாக்கிரதையாகச் சோதித்தேன். கண்ட்ரோல் எஃப் அழுத்தி, பிள்ளையின் பெயரைத் தமிழில் தட்டினேன். "இல்லை" என்று வந்தது. ஊர்ப் பெயர், இல்லை. பள்ளிப் பெயர், இல்லை. நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது ஜூனியர் பையன் திரையை என் பக்கம் திருப்பினான். "சார், இதப் பாருங்க." பட்டைக்குக் கீழே இருந்த வரி முழுசும் அங்கே இருந்தது, பெயரோடு.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து டைப்பிங் சென்டர்களிலும் வக்கீல் ஆபீஸ்களிலும் தமிழ் இன்னும் பெரும்பாலும் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் ஓடுகிறது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்த ஒரு கூளம். நான் தேடியது யூனிகோட் தமிழில். "தமிழ்" என்ற சொல் அந்தக் கோப்புக்குள் தமிழாகவே இல்லை, பின்னே எப்படிக் கிடைக்கும்? "இல்லை" என்ற பதிலுக்கு அர்த்தம் "பெயர் இல்லை" என்பதல்ல, "உன் பாஷை எனக்குப் புரியவில்லை" என்பது. பையன் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டியிருக்கிறான். அரை நிமிஷ வேலை.

அந்த மனு இன்னும் ஏற்றப்படாமல் இருந்தது. ஆனால் அதற்கு முந்தின மாதங்களில் வேறு இரண்டு வழக்குகளில் இதே முறையில் "மறைத்து" இரண்டு மனுக்கள் போட்டிருந்தேன். அவற்றை இறக்கிப் பார்த்தேன். இரண்டிலும் பெயர் இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக நீதிபதி முன்னால் நின்று, என் தவறு என்று சொல்லி, அந்த ஆவணங்களை எடுத்துவிட்டுப் புதிய நகலை வைக்க அனுமதி கேட்டு மெமோ போட்டேன். அனுமதி கிடைத்தது. எதிர்த்தரப்பு வக்கீலிடமும் போய், உங்களுக்கு அனுப்பிய நகலை அழித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்: "எங்க கட்சிக்காரனுக்குப் பேரு தெரியாதாய்யா?" தெரியும்தான். ஆனால் அந்த பிடிஎஃப் அவருடைய வாட்ஸாப்பில் இருந்தது, அங்கிருந்து அவருடைய குமாஸ்தாவின் வாட்ஸாப்பில் இருந்தது. அதற்கப்புறம் எங்கே போயிருக்கும் என்று அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்.

அன்றிலிருந்து என் வழி பழைய வழி. மறைப்பு நகலை முதலில் காகிதத்தில் எடுக்கிறேன். மறைக்க வேண்டிய இடத்தில் எழுத்தையே அழித்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டு பிரிண்ட். பழைய ஆவணம் என்றால் ஜெராக்ஸ் எடுத்து, மார்க்கரால் அடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ஜெராக்ஸ். அதை ஸ்கேன் செய்து, அதன் பிறகுதான் தேடக்கூடியதாக மாற்றுவது. இந்த வரிசை முக்கியம். எழுத்துணரியை முதலில் ஓடவிட்டு அப்புறம் பட்டை போட்டால், படத்துக்குக் கீழே அது படித்து வைத்த எழுத்து அப்படியே தங்கிவிடும். கடைசியில் எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டி, கண்ணால் முழுசாகப் படிக்கிறேன். தேடிப் பார்ப்பதில்லை, படிக்கிறேன். கோப்பின் பெயரையும் பார்க்க வேண்டும். உள்ளே அத்தனையும் மறைத்துவிட்டு, பிள்ளையின் பெயரையே தலைப்பாகப் போட்டு ஒரு கோப்பைச் சேமித்து வைத்திருந்ததும் நான்தான். புக்மார்க்குகளிலும், "ப்ராப்பர்ட்டீஸ்" என்ற இடத்தில் ஒளிந்திருக்கும் தலைப்பிலும் பழைய பெயர் உட்கார்ந்திருக்கும்.

ஸ்கேனர் இல்லாத வக்கீல்கள் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் கடைகளுக்குத்தான் போகிறோம். பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்போம். வக்கீல் தன் கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்று சாட்சியச் சட்டம் 1872-லேயே வைத்தது; இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 132-ஆம் பிரிவு. அந்தக் கட்டு வக்கீலின் குமாஸ்தாவுக்கும் உண்டு. ஜெராக்ஸ் கடைத் தம்பிக்குக் கிடையாது. அவர் நல்லவர்தான், ஆனால் அவருடைய கம்ப்யூட்டரின் டெஸ்க்டாப்பில் ஒரு நாள் பார்த்தேன்: ஜீவனாம்ச மனுக்கள், உயில்கள், ஆதார் அட்டைகள், ஒரு விவாகரத்து வழக்கின் மருத்துவ அறிக்கை, எல்லாம் வரிசையாக. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு அந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. அறையை மூடிவிட்டோம், டெஸ்க்டாப் திறந்து கிடக்கிறது. இரவல் வாங்காமல் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கியதுதான் இந்த ஆராய்ச்சியில் நான் செய்த ஒரே செலவு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். "மூடிய உறை" என்றதும் சிலருக்குக் கோபம் வரும், நியாயமான கோபம். ரஃபேல் வழக்கில் அரசு விலை விவரங்களை மூடிய உறையில் கொடுத்தது. 2018 டிசம்பர் 14 தீர்ப்பில் தணிக்கை அறிக்கையை நாடாளுமன்றக் குழு பார்த்துவிட்டதாக ஒரு வாசகம் வந்தது. அப்படி நடக்கவே இல்லை. உறையில் இருந்த குறிப்பை நீதிமன்றம் வேறு மாதிரிப் புரிந்துகொண்டது என்று அரசே மறுநாள் திருத்தம் கேட்டு மனு போட்டது. எதிர்த்தரப்பு அந்தத் தாளைப் பார்த்திருந்தால் வாதத்திலேயே எழுந்து நின்றிருப்பார்கள். 2023 ஏப்ரல் 5 அன்று மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில், எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் உறையை நீதிபதியிடம் மட்டும் நீட்டுவது இயற்கை நீதிக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதனால்தான்.

ஆனால் அந்த உறை வேறு, நான் சொல்கிற உறை வேறு. அது எதிராளியிடமிருந்து மறைப்பது. இது ஊரிடமிருந்து மறைப்பது. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்கு முழு நகல் போக வேண்டும், குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை உண்டு. டீக்கடைக்குத்தான் போகக்கூடாது.

உத்திரமேரூர்க்காரன் கட்டுரை எழுதினால் குடவோலையை இழுக்காமல் விடமாட்டான் என்று நினைப்பீர்கள். இழுத்துவிடுகிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. முப்பது குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாக வாயோலை வைத்துக் கட்டி, குடத்தில் போட வேண்டும். ஊரே கூடியிருக்க, வயதில் மூத்த நம்பி குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் எடுக்க வேண்டும். எடுத்த ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அந்த விரல்தான் எனக்குப் பிடித்த இடம். ஓலையில் இருக்கும் பெயர் மறைந்திருக்கிறது; அதைத் தொடுகிற கை மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. இ-ஃபைலிங்கில் நான் கேட்பதும் அதைத்தான். முழு நகல் மூடியிருக்கட்டும், ஆனால் அதை யார் திறந்தார், எந்த நேரத்தில் திறந்தார் என்பது இரண்டு தரப்புக்கும் தெரியட்டும்.

முழு நகலை ஏன் நேரில் கொடுக்கிறாய், அதையும் பாஸ்வேர்ட் போட்டு ஏற்றினால் என்ன என்று என் ஜூனியர் கேட்டான். இந்தத் தலைமுறைக்குக் காகிதம் என்றாலே இளக்காரம். அவனுக்கு அமெரிக்கக் கதை இன்னொன்று சொன்னேன். அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களில் இ-ஃபைலிங் இருபது வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. குழந்தைகள் என்றால் பெயரின் முதலெழுத்து மட்டும், பிறந்த தேதியில் வருஷம் மட்டும், வங்கிக் கணக்கில் கடைசி நான்கு எண் மட்டும் என்று 2007 முதலே விதி இருக்கிறது. அந்த மறைப்பைச் செய்ய வேண்டியது வக்கீல்தான், நீதிமன்ற அலுவலகம் சரிபார்க்காது என்பதும் அங்கே தெளிவு. அப்படிப்பட்ட ஊரில், சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் வழியாக நடந்த ஊடுருவல் தெரியவந்ததும், 2021 ஜனவரியில் நீதித்துறை என்ன அறிவித்தது தெரியுமா? மிகவும் ரகசியமான ஆவணங்களை இனி இணையத்தில் ஏற்ற வேண்டாம், காகிதமாகவோ பென் டிரைவ் போன்ற சாதனத்திலோ கொண்டுவந்து கொடுங்கள், தனியாக நிற்கும் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்கிறோம் என்று. பையன் ஒன்றும் பேசவில்லை. அரக்குக் குச்சி எங்கே விற்கும் என்று மட்டும் கேட்டான்.

ஒரு தடவை வெளியே போனால் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே வழக்கு இருக்கிறது. குற்ற வழக்கொன்றில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் இருக்கும் தன் பெயரை நீக்கக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்கு வந்தார். (அவர் கேட்டதே பெயரை எடுக்கத்தான் என்பதால் நானும் எழுதவில்லை.) 2021-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரியில் மதுரைக் கிளையின் இரு நீதிபதிகள் அமர்வு, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடும் இந்தியன் கானூன் தளம் அதை எடுக்கவும் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது. தீர்ப்பு பொது ஆவணம், அதை எப்படி எடுக்கச் சொல்வது என்ற கேள்வியும் லேசானதில்லை. விடுதலையான ஒருவரே இத்தனை வருஷம் அலைகிறார். நுழையும்போதே பெயரைத் தடுப்பதைவிட லேசான வழி எதுவும் என் கண்ணில் படவில்லை.

இழப்பீட்டு மனுவில் உத்தரவு வந்தது. அந்த அம்மா அதன் பிறகு ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார். பணம் வந்ததா என்று நான் கேட்பதற்குள், "சார், ஒங்க போன்ல எம் பேரப் போட்டுத் தேடிக் காட்டுங்களேன்" என்றார். இ-கோர்ட்ஸ் செயலியைத் திறந்து, மாவட்டம், நீதிமன்றம், வருஷம் எல்லாம் கொடுத்து, அவர் பெயரை ஆங்கிலத்தில் தட்டினேன். எதுவும் வரவில்லை. காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரேஷன் கார்டுல எம் பேரு வேற மாதிரி எழுதியிருக்கும் சார், அதையும் போட்டுப் பாருங்க."

போட்டேன். அதன் பிறகு வீட்டுக்காரர் பெயர். அதன் பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பிள்ளையின் பெயர்.